ரெட்டைக் குழாய்

ஜூன் 3, திங்கள்

காரின் சைலன்சரில் ஓட்டை விழுந்துவிட்டது. போன மாத மழையில் குளத்துப் பாதையில் தேங்கிய தண்ணீருக்குள் ஓட்டிப் போனதில் அடியில் துரு ஏறிவிட்டதாம். இப்போது கார் கிளம்பினால் தெருவே திரும்பிப் பார்க்கிறது. கீழ்வீட்டுத் துளசிமணி அக்கா வாசலில் துணி பிழிந்துகொண்டே கேட்டார்: "ஏங்கண்ணு, உங்க வீட்டுக்காரரு காரு ஓட்டறாரா, நெல்லு மிசினு ஓட்டறாரா?"

சிரித்தேன். அவரிடம் சொல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். இந்த ஓட்டை சைலன்சர் நாட்கள் எனக்கு நன்றாக இருக்கின்றன. மாவு மில் திருப்பத்திலேயே கார் கேட்டுவிடுகிறது. அங்கிருந்து எங்கள் கேட்டுக்கு வருவதற்குள் செய்தித்தாளை மடித்து வைத்து, இந்த நோட்டை அதன் இடத்தில் செருகி, முகம் கழுவி, காபிக்குப் பாலை அடுப்பில் ஏற்றிவிடலாம். அவர் மாடிப்படி ஏறும்போது எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். அதனால் ஒரு கேள்வியும் எழுவதில்லை.

அவருடைய சட்டைகளுக்கு இஸ்திரி போட்டேன். வெந்தயம் தீர்ந்துவிட்டது.

ஜூன் 5, புதன்

நோட்டின் இடம்: பீரோவின் கீழ்த்தட்டில் நாப்கின் பாக்கெட். அவர் கை வைக்காத ஒரே இடம் அதுதான்.

ஜூன் 8, சனி

திருச்சி சாலையில் ஒரு கார் அலங்காரக் கடைக்கு என்னையும் கூட்டிப்போனார். என்னை வெளியே கூட்டிப்போக வேண்டும் என்று அவருக்கு எப்போதாவது தோன்றும். அப்போது நன்றாகப் பேசுவார். போகும் வழியில் கரும்புச்சாறு வாங்கித் தந்தார்.

கடைக்காரர் பெயர் ஸ்டான்லி. பேசிக்கொண்டே இருக்கும் மனிதர். அவர் கேட்டது ஒரே கேள்வி: பழையபடி ஒற்றைக் குழாயா, பின்னால் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் ரெட்டைக் குழாயா?

"கௌரிசங்கர் சார், ஒளிவுமறைவு இல்லாமச் சொல்றனுங். உங்க வண்டி சின்ன இன்ஜின். அது விடற பொகைக்கு ஒத்தைக் கொழாயே தாராளம். ரெட்டை போட்டா இழுவை கூடும்னு எவனாச்சும் சொன்னா நம்பாதீங்க. கொஞ்சம் கொறையக்கூடச் செய்யும். கனமும் சாஸ்தி. ஸ்பீடு பிரேக்கர்ல அடி தட்டும். சத்தத்துக்குப் போலீஸ்காரன் வேற நிறுத்துவான்."

"அப்புறம் எதுக்குங்க எல்லாரும் போடறாங்க?"

"எதுக்குங்க மீசை வெக்கறோம்?"

இவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து நாளாகிறது. ரெட்டையிலும் ஒரு போலி இருக்கிறதாம். இரண்டாவது குழாய் வெறும் வாய்தான், உள்ளே எங்கேயும் போகாது. "ஊருக்குள்ள பாதி வண்டி அதுதானுங்" என்றார் ஸ்டான்லி. இவருக்குப் போலி பிடிக்கவில்லை. போட்டால் அசலைத்தான் போட வேண்டும் என்றார்.

புது ஒற்றைக் குழாய் போட்ட ஒரு வண்டி நின்றிருந்தது. ஸ்டான்லி சாவியைத் திருப்பினார். நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"எப்ப ஸ்டார்ட் பண்ணுவாங்க?" என்று கேட்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஓடிக்கொண்டுதான் இருந்ததாம். குழாய்க்கு நேரே கையை நீட்டிப் பார்த்தேன். வெதுவெதுப்பாகக் காற்று வந்தது. சத்தம் இல்லை. 

பிறகு ரெட்டைக் குழாய் வண்டி ஒன்றைக் கிளப்பினார். அது காதில் கேட்பதற்கு முன் விலா எலும்பில் கேட்டது.

"மேடம் என்ன சொல்றாங்க?" என்று ஸ்டான்லி கேட்டார். இவரும் என்னைப் பார்த்தார்.

"ஒத்தையே போதுங்க" என்றேன்.

ஜூன் 9, ஞாயிறு

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை எழுதி வைக்கிறேன், பின்னால் எனக்கே மறந்துவிடலாம்.

கல்யாணமான புதிதில் ஜன்னலுக்கு நீலத் திரை கேட்டேன். அரக்கு நிறத்தில் வந்தது. கதவோரம் கட்டில் வேண்டாம் என்றேன். இன்றும் அது கதவோரம்தான் கிடக்கிறது. அவர் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ஒரு பெண் சொல்லி ஒரு காரியம் நடந்தது என்று இருக்கக்கூடாது, அவ்வளவுதான். இது புரிந்த பிறகு வாழ்க்கை கொஞ்சம் எளிதாகிவிட்டது. எனக்கு எது வேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்கம் நின்று பேசுவேன். சன்னமாகப் பேச வேண்டும். அழுத்திச் சொன்னால் சந்தேகம் வரும்.

ஆகவே இன்று காலை இட்லி வைக்கும்போது ஸ்டான்லி சொன்ன காரணங்களில் இரண்டைச் சொன்னேன். மாலையில் போலீஸ் பற்றிச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. நல்ல அறிகுறி.

சைலன்சர் என்ற சொல்லைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். சத்தத்தை அடக்குவதற்காக வைத்த பொருளுக்கு அந்தப் பெயர். ஆனால் இங்கே காது கிழிய ஒருவன் வண்டியில் போனால்தான், 'எவன்டா அவன், சைலன்சர் போட்டுட்டுப் போறான்' என்கிறோம். அடங்கியிருக்கும் வரை அதற்குப் பெயரே தேவைப்படவில்லை போல.

கல்லூரியில் படித்த பழைய பாட்டுகளில், வீடு திரும்பும் தலைவன் தன் தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருவான், பூவில் தேன் குடிக்கும் வண்டுகள் கலைந்துவிடக்கூடாது என்று. எவ்வளவு மென்மை என்று வகுப்பே உருகியது. வீட்டுக்குள் இருப்பவளுக்கு மணி கேட்க வேண்டுமா என்று அன்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூன் 12, புதன்

"ரெட்டையே போட்டுடலாம்னு நெனைக்கிறேன். ஆபீஸ்ல எல்லாரும் அதத்தான் சொல்றாங்க" என்றார்.

"உங்க இஷ்டம். எனக்கென்னமோ அது வீண்னு படுது."

"உனக்கென்ன தெரியும் காரப் பத்தி?"

கத்தரிக்காய் காரக்குழம்பு வைத்தேன். நன்றாக வந்தது. எனக்கே இரண்டாவது முறை போட்டுக்கொண்டேன்.

ஜூன் 14, வெள்ளி

கார் நாளை கடைக்குப் போகிறது.

மதியம் துளசிமணி அக்காவின் போனில் திலகாவோடு பேசினேன். என் தங்கை. அப்பா போன பிறகு கும்பகோணத்தில் அதே வாடகை வீட்டில் தனியாக இருக்கிறாள், கூட்டுறவு வங்கியில் வேலை. என் போனில் அவளோடு பேசுவதில்லை. ஒரு கல்யாண வீட்டில் இவரிடம் ஏதோ கேட்டுவிட்டாள், அதிலிருந்து அந்தப் பேச்சு வேண்டாம் என்பது இந்த வீட்டு வழக்கம்.

"அக்கா, இங்க ஒரு காலேஜ் லைப்ரரியில இடம் காலியா இருக்கு. உன் சர்ட்டிபிகேட் நகல் எல்லாம் என்கிட்டதானே இருக்கு, குடுத்துட்டேன். ஜூலை முதல் வாரம் நீ நேர்ல வந்தா போதும்."

"பாக்கறேன்."

"கல்யாணம் ஆனதிலேருந்து நீ பாத்துக்கிட்டேதான் இருக்க. வீட்டு வாசப்படி தாண்ட அப்படி என்ன பாக்கணும்?"

அவளுக்குத் தெரியாது. அவர் வேலைக்குக் கிளம்பிப் போனால் போனதாக அர்த்தமில்லை. பம்ப்செட் விற்பனை, ஊர் ஊராகச் சுற்றும் வேலை. கிளம்பிய சற்று நேரத்தில் திரும்பி வருவார். கர்சீப் மறந்துவிட்டது, பேனா மறந்துவிட்டது. சில நாள் இரண்டு முறை. நான் எங்கே இருக்கிறேன் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார். நடுத்தெருவில் பையோடு நிற்கும்போது எதிரே அந்த வெள்ளைக் கார் திரும்பினால் என்ன சொல்வது?

திலகாவிடம், "மோர்க்குழம்புக்கு நீ கொத்தமல்லி விதை சேப்பியா?" என்று கேட்டேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

ஜூன் 17, திங்கள்

எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 20, வியாழன்

மாவு ஆட்டவில்லை. கிரைண்டர் கல்லை இடது கையால் பிடிக்க முடியவில்லை. துளசிமணி அக்கா ஒரு தூக்கு நிறைய மாவு கொண்டுவந்து வைத்தார். ஏன் என்று கேட்கவில்லை. கையை மட்டும் பார்த்தார்.

திங்கட்கிழமை நடந்தது இதுதான். கடையிலிருந்து காரை எடுத்துக்கொண்டு மதியமே வந்துவிட்டார். வழியில் மல்லிகை வாங்கியிருக்கிறார். ஒற்றைக் குழாய் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

ஆம், ஒற்றை. நான் சொன்னேன் என்பதற்காக.

இத்தனை நாளில் என் பேச்சைக் கேட்டு அவர் செய்த ஒரே காரியம். திடீரென்று என் முன்னால் நிறுத்திச் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார். நான் மேலே இல்லை. கீழே அக்காவின் சமையலறையில் போனோடு நின்று, "சரி திலகா, வர்றேன், எப்படியாவது வர்றேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பியபோது அவர் கதவருகில் பூப்பொட்டலத்தோடு நின்றிருந்தார். தெருவில் கார் வந்தது எனக்குக் கேட்கவில்லை. கேட் திறந்ததும் கேட்கவில்லை. ஸ்டான்லி பொய் சொல்லவில்லை, நல்ல குழாய்.

 "மேல வா" என்றார், மெதுவாக.

அந்தப் பூவை மறுநாள் துடைப்பத்தால் கூட்டி எடுத்தேன்.

ஜூன் 22, சனி

மைசூர்பாகு வாங்கி வந்தார். என் கையில் எண்ணெய் தடவிவிட்டார். "ஒனக்காகத்தானே ஒத்தை போட்டேன், ஒனக்காகத்தானே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை. அதனால்தான் எனக்கு இவ்வளவு அசதியாக இருக்கிறது. நடிப்பாக இருந்தால் கொஞ்சம் தூங்குவேன்.

இப்போது கார் எப்போது வருகிறது என்று தெரிவதில்லை. நேற்று பருப்பு தாளித்துக்கொண்டிருந்தேன், திரும்பினால் பின்னால் நிற்கிறார். கர்சீப். செய்தித்தாள் படிப்பதை விட்டுவிட்டேன். இதைக்கூட நின்றுகொண்டே இரண்டிரண்டு வரியாக எழுதுகிறேன். கீழே போகக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்.

ஜூன் 25, செவ்வாய்

காலையில் சட்னியில் உப்பு கூடிவிட்டது. அதிலிருந்து பேச்சு எங்கெங்கோ போய்க் காரில் வந்து நின்றது.

"நீ கேட்டதெல்லாம் செஞ்சு குடுக்கறதுக்கு நான் என்ன கேனையனா? ஒன் பேச்சக் கேட்டு அந்த ஊமைக் கொழாயப் போட்டேன் பாரு, அதுதான் நான் செஞ்ச தப்பு. இன்னைக்கே போய் ரெட்டை போடறேன்."

"வேண்டாங்க" என்றேன்.

சன்னமாகத்தான் சொன்னேன்.

ஜூன் 28, வெள்ளி

ரெட்டைக் குழாய் வந்துவிட்டது. பளபளவென்று இரண்டு வாய். அவர் அதைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துளசிமணி அக்கா மதில்மேல் கையூன்றி எட்டிப் பார்த்தார்.

"என்னங் தம்பி, ரெட்டை நாயனமாட்ட வெச்சிருக்கீங்க. எங்கூட்டுல கல்யாணம்னா உங்க காரையே கூப்புட்டுக்கலாம்."

அவருக்குப் பெருமை. "அசலுங்கக்கா, போலி இல்ல."

"தெரியுதுங், தெரியுதுங். எனக்கே காது கேக்குது."

எழுத உட்கார்ந்த விஷயம் இது. இன்று காலை அவர் கிளம்பினார். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் தெருவைத் தாண்டியது. மாவு மில்லில் திரும்பியது. சிக்னலில் நின்று உறுமியது. பிறகு குளத்து மேட்டில் ஏறியது, அங்கே அடுத்த கியருக்கு மாற்றும்போது ஒரு விக்கல். அதன் பிறகு மெலிந்து மெலிந்து போய், லாரிகளின் இரைச்சலோடு கலந்துவிட்டது. குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு நின்றிருக்கிறேன், தொட்டி வழிந்து கால் நனைந்த பிறகுதான் தெரிந்தது.

வருவது கேட்க வேண்டும் என்றுதான் நான் இவ்வளவும் செய்தேன். போவதும் கேட்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பிற்பகலில் சாப்பிட வந்து கிளம்பியவர் சிக்னலிலிருந்து திரும்பினார். சத்தம் தேயாமல் மறுபடி பெருத்தது. நான் கர்சீப்பை எடுத்துக்கொண்டு படியில் போய் நின்றேன். வாங்கிக்கொண்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"எப்படித் தெரியும்?"

"மறந்துட்டீங்களோன்னு நெனச்சேன்."

குளத்து மேடு தாண்டிவிட்டால் அவர் திரும்புவதில்லை. அதன் பிறகு பாலம், அங்கே வண்டியைத் திருப்ப இடமில்லை.

ஜூலை 1, திங்கள்

பேருந்தில் எழுதுகிறேன், கையெழுத்து ஆடுகிறது. காங்கேயம் தாண்டிவிட்டோம்.

காலையில் எல்லாம் வழக்கம்போல. தக்காளிச் சட்னி, தோசை. உப்பு சரியாக இருந்தது. அவர் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார். கிளம்பும்போது, "சாயங்காலம் ரெடியா இரு, கோயிலுக்குப் போலாம்" என்றார். சரி என்றேன்.

கர்சீப்பை நானே அவர் சட்டைப்பையில் வைத்தேன். பேனாவையும்.

பிறகு ஜன்னலருகில் நின்றேன். மில். சிக்னல். சிக்னலில் வெகுநேரம் நின்றதுபோல் இருந்தது. பிறகு மேடு, கியர் மாறும் விக்கல். மெலிந்தது. மெலிந்துகொண்டே போனது. போய்விட்டதா, அல்லது எனக்குத்தான் அப்படிக் கேட்கிறதா என்று சந்தேகம். மிக்ஸி, குக்கர், எதிர்வீட்டு டிவி எல்லாம் இன்று பார்த்து ஒன்றாகச் சத்தம் போட்டன. பையோடு படி இறங்கி, கேட்டருகில் மறுபடி நின்றுவிட்டேன். 

துளசிமணி அக்கா வாசலில் கோலத்துக்குக் குனிந்திருந்தார். நிமிரவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை. புள்ளி வைத்துக்கொண்டே சொன்னார்:

"கொளத்து மேடு தாண்டிருச்சு. போ அம்மிணி."

அக்காவும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். எத்தனை நாளாக என்று தெரியவில்லை.

"அக்கா, உங்களக் கேட்டா..."

"எனக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேக்காது. வயசாகலையா? மாவு ஒரு டப்பா எடுத்துட்டுப் போறியா? ஊருக்குப் போறதுக்குள்ள பொங்கிரும், வேண்டாம். போ."

நடந்தேன். ஓடினால் பார்ப்பார்கள் என்று நடந்தேன். சிங்காநல்லூர் பேருந்து நிலையம் இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது. பக்கத்தில்தான் இருந்திருக்கிறது.

ஜன்னலோர இருக்கை. ஒவ்வொரு முறை ஏதாவது வண்டி உறுமிக்கொண்டு முந்தும்போதும் தலையைக் குனிந்துகொள்கிறேன். பக்கத்து இருக்கைப் பெண்மணி, "வாந்தி வருதாம்மா?" என்று எலுமிச்சம்பழம் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். கையில் வைத்திருக்கிறேன்.

ஜூலை 4, வியாழன்

திலகா என்னை மகளிர் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனாள். கையைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். "விழுந்துட்டேன்" என்று பழக்கத்தில் வாய் ஆரம்பித்துவிட்டது. நிறுத்திக்கொண்டு மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

திரும்பும்போது கொழுந்து வெற்றிலை வாங்கினோம். இரண்டு பேருக்கும் ஏன் என்று தெரியவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

நூலக வேலையில் நாளை இரண்டாவது வாரம் தொடங்குகிறது. புத்தகங்களுக்கு எண் ஒட்டுகிறேன். பசை வாசனை விரலிலேயே இருக்கிறது. மத்தியானத்தில் அங்கே மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். முதல் நாள் அந்த அமைதியில் முதுகைச் சுவரோடு வைத்து உட்கார்ந்தேன். இப்போதும் அப்படித்தான் உட்காருகிறேன்.

காலையில் துளசிமணி அக்கா திலகாவின் போனுக்குப் பேசினார்.

"நல்லாருக்கியா கண்ணு? ஒரு சேதி சொல்லோணும். உங்க வீட்டுக்காரரு அந்த ரெட்டைக் கொழாயக் கழட்டிப் போட்டுட்டாரு. பளையபடி ஒத்தைதான். வர்றதும் தெரியறதில்ல, போறதும் தெரியறதில்ல. கார் வாசல்ல நிக்குதான்னு எட்டிப் பாத்துத்தான் தெரிஞ்சுக்க வேண்டியிருக்குது. நீ சாக்கிரதையா இரு, அதுக்குத்தான் சொன்னேன்."

"ஏன் கழட்டினாராம்?"

"யாருக்குத் தெரியும்? 'சத்தம் புடிக்கலீங்கக்கா'ன்னாரு."

போனை வைத்த பிறகு வெகுநேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரலாம். சத்தமில்லாமல் வந்து, பூப்பொட்டலத்தோடு கதவருகில் நிற்கலாம். மனு கொடுத்திருக்கிறோம், தாழ்ப்பாள் இருக்கிறது, பக்கத்து வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று திலகா சொல்கிறாள். அவள் சொல்வதெல்லாம் சரிதான். என் காதுக்குத்தான் அது இன்னும் போய்ச் சேரவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இதை எழுத உட்கார்ந்தேன். மேசையில், நாற்காலியில், இந்த நோட்டை விரித்து வைத்து. இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன் போலிருக்கிறது. வரியிலிருந்து தலையைத் தூக்கினால் முழங்கை அருகே ஒரு டம்ளர் காபி இருக்கிறது. ஆடை படிந்து ஆறிப்போயிருக்கிறது. திலகா எப்போதோ வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

அவள் வந்தது எனக்குக் கேட்கவில்லை.